சொந்தமாக எழுதிய பிராஜெக்ட்டுக்கு மார்க் குறைவா?

தாம்பரம் அம்மா:
மகள் ஒன்பதாம் வகுப்பு, சிபிஎஸ்இ. சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மை பிராஜெக்ட், 5 மார்க். 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் மாட்டிக்கொண்ட பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, 12 பக்கம் கையால் எழுதினாள். கிடைத்தது 3. கூடப் படிக்கும் பெண் பிரவுசிங் சென்டரில் விக்கிபீடியாவை அப்படியே பிரின்ட் எடுத்து, கலர் படம் ஒட்டிக் கொடுத்து 5 வாங்கிவிட்டாள். "அடுத்த தடவை நானும் கடையிலேயே வாங்கிக்கிறேன்மா" என்கிறாள். என்ன பதில் சொல்வது?

ஓய்வு பெற்ற ஆசிரியர்:
தப்பு எங்கள் பக்கம்தான் அம்மா. நாற்பது நோட்டை ஒரே ராத்திரியில் திருத்தினால் கண்ணுக்கு அட்டைதான் தெரியும். நான் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "இந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்க, சொல்லு" என்று இரண்டு கேள்வி கேட்பேன், காப்பி அடித்தது உடனே தெரிந்துவிடும். மிஸ்ஸைப் பாருங்கள். புகாராக வேண்டாம், பாட்டி கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சி மாணவி:
பள்ளியில் காப்பி அடிக்காமல் எழுதுவதை யாரும் சொல்லித் தராததால் முதுகலையில் திணறினேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. எங்கிருந்து எடுத்தோம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதும் பழக்கத்தை இப்போதே கொடுங்கள்.

தாம்பரம் அம்மா:
சரி சார், திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன். அந்த நோட்டைப் பாட்டி பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.