பழைய கூடாரத் துணியில் ஜாக்கெட்: பூச்சு பிசுபிசுக்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். பயணத்தைக் கருவாக வைத்து ஆண்களுக்கான சிறிய உடைத் தொகுப்பு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். புதுத்துணி கிடையாது, பழைய கூடாரங்கள், கிழிந்த முதுகுப்பைகள், கழித்துப்போட்ட பாராசூட் துணி, இவைதான் மூலப்பொருள். லாரித் தார்ப்பாயில் பை தைக்கும் சூரிச்சின் ஃப்ரைடாக் நிறுவனம் 1993இலேயே தொடங்கிவிட்டது, ஆகவே யோசனை புதிதில்லை. ஆனால் பை வேறு, உடம்பில் போடும் ஜாக்கெட் வேறு.

சிக்கல் கூடாரத் துணியில்தான். தண்ணீர் புகாமலிருக்க உள்பக்கத்தில் கொடுத்த பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்து பிசுபிசுக்கிறது, நாற்றம் வேறு. அதை முழுதாக உரித்துவிட்டு வெறும் நைலானாகப் பயன்படுத்தலாமா, புதுப் பூச்சு கொடுத்தால் நிற்குமா? ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் தேய்த்தவர்கள் இருந்தால், சாயம் போனதா என்று சொல்லுங்கள். சிலிக்கான் பூசிய துணியில் தையல் நாடா (தையல் வழியே தண்ணீர் புகாமல் மேலே ஒட்டும் பட்டை) ஒட்டுவதே இல்லை. அதற்கு என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், ஊசி குத்திய துளை இதில் மறையாது, பிரித்துத் தைத்தால் அசிங்கமாகத் தெரியும். 70ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல் சரிதானே? ஜிப்புகளைப் பழைய பைகளிலிருந்தே எடுக்கிறேன், அதில் பிரச்சினை இல்லை. துணியின் படம் வேண்டுமென்றால் கருத்தில் போடுகிறேன்.