டிவி விளம்பரத்துக்கு 5 லட்சம் கேட்கிறார்கள்: சின்ன செக்கு எண்ணெய் வியாபாரத்துக்குத் தாங்குமா?

எள்ளுக்காடு:
ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் எங்களுக்கு இரண்டு மரச்செக்கு ஓடுகிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்தான். ஈரோடு, கரூர், திருப்பூர் என்று சுமார் 60 கடைகளுக்குப் போடுகிறோம். போன வாரம் விளம்பர ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்தார். பெரிய தமிழ்ச் சேனல் ஒன்றில் 1,000 வினாடி, 5 லட்சம், ஜிஎஸ்டி தனி, தீபாவளிக்கு முன்னால் ஓட்டித் தருகிறேன் என்கிறார். அப்பா இதுவரை சுவர் விளம்பரத்தைத் தாண்டியதில்லை. மனைவியின் நகையை வைத்தாவது பணம் புரட்டலாமா என்று யோசிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிளானர், சென்னை:
தம்பி, நகையை வைக்காதீர்கள். முதலில் கணக்கைப் போடுவோம். டிவியில் விலை பேசுவது 10 வினாடிக்கு. உங்களுக்குச் சொன்ன கணக்கில் 10 வினாடி 5,000 ரூபாய். உங்கள் படம் 20 வினாடி என்றால் 50 தடவை வரும். 25 நாளைக்குத் தினம் இரண்டு முறை, அவ்வளவுதான். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 5,90,000. படம் எடுக்கும் செலவு இதில் சேராது.

அந்த 50 தடவையும் எந்த நேரத்தில் வரும் என்பதுதான் முக்கியம். கோட்டேஷனில் 'ஆர்ஓடிபி' என்று இருக்கிறதா பாருங்கள். நேரம் குறிக்காமல், ஒரு நீண்ட நேர வரம்பை மட்டும் சொல்லி விற்பது அது. உதாரணமாக, காலை 7 முதல் இரவு 11 வரை என்று போட்டிருந்தால், அதற்குள் சேனல் தன் வசதிக்கு எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த நிகழ்ச்சி விளம்பரத்துக்கு. மிச்சம் 600 வினாடி. இரவு சீரியல் நேரத்து 600 வினாடிக்கு சோப்பு, டீத்தூள் கம்பெனிகளே முட்டி மோதுவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடை, நகைக்கடை எல்லாம் சேர்ந்துகொள்ளும். அப்போது போய்ப் பேரம் பேசினால் படியாது.

டிவியில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் 22 வருடம் இருந்தேன். ஊறுகாய் போடும் ஒருவருக்கு 60 ஸ்பாட், அதாவது 60 தடவை ஓட்ட, வாங்கிக் கொடுத்தேன். முடிந்ததும் டெலிகாஸ்ட் சர்டிபிகேட் வந்தது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிகழ்ச்சி என்று வரிவரியாக இருக்கும். என் மேசையில் விரித்து வைத்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம். 41 ஸ்பாட் காலை 8 மணிக்கு முன்னாலும் பகல் 2 முதல் 4 மணிக்குள்ளும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அப்புறம், அந்தச் சேனல் கன்னியாகுமரி முதல் திருத்தணி வரை தெரியும். உங்கள் பாட்டில் கிடைப்பது மூன்று ஊர்ப் பக்கம். நாகர்கோவிலில் ஒரு அம்மா பார்த்துவிட்டுக் கடையில் கேட்டால் இல்லை என்பார்கள். அவர் பார்த்ததற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

மிட்டாய்க்கடை, கோவில்பட்டி:
அண்ணா, நாங்கள் உள்ளூர் கேபிள் சேனலில் ஒரு மாதம் ஸ்க்ரோல் (திரையின் அடியில் ஓடும் எழுத்து விளம்பரம்) ஓட்டினோம். 6,000 ரூபாய் ஆனது. அதற்கென்றே தனி ஃபோன் நம்பர் போட்டோம். அந்த நம்பருக்கு வந்த அழைப்பை எல்லாம் ஒரு நோட்டில் குறித்தோம், 38 வந்தது. பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள், பாதிப் பேர் வாங்கினார்கள். இப்போதும் வருகிறார்கள்.

கத்தரிப்பு (வீடியோ எடிட்டர்):
படம் எடுப்பதென்றால் 20 வினாடியாக எடுத்து, அதிலேயே 10 வினாடிக்கு ஒரு வெட்டும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அதே காசுக்கு இரண்டு மடங்கு தடவை ஓட்டலாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம், உரிமை வாங்காமல் போட்டால் வழக்கு வரும். 'மாரடைப்பு வராது', 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று ஒரு வரிகூட வேண்டாம். உணவுப் பொருள் விளம்பரத்தில் நோய் தீரும் என்று சொல்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதியில் இடமில்லை. செக்கிலிருந்து எண்ணெய் வடிவதைக் கிட்டத்தில் காட்டுங்கள், போதும்.

எள்ளுக்காடு:
எல்லோருக்கும் நன்றிங்க. கோட்டேஷனை எடுத்துப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தில் ஆர்ஓடிபி என்றுதான் இருக்கிறது. ஏஜென்சிக்காரரிடம் பாதி ஸ்பாட்டாவது இரவு 7 முதல் 10 மணிக்குள் வரும் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு வேறு ரேட் என்றார். ஐயா, ஒரு சந்தேகம்: உள்ளூர் கேபிளிலும் டெலிகாஸ்ட் சர்டிபிகேட் தருவார்களா?

பழைய பிளானர், சென்னை:
கேட்டால் சிலர் தருவார்கள். எதற்கும் ஓடும் நேரத்தை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கரூரிலும் திருப்பூரிலும் உங்கள் எண்ணெய் வாங்கும் கடைக்காரர் ஒருவரை, அந்த நேரத்துக்கு டிவியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எள்ளுக்காடு:
சரிங்க ஐயா. நகை பீரோவிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை கரூர் கேபிள்காரரைப் பார்க்கப் போகிறேன்.