ஞாயிறு கூடுகையை ஒரு வீடியோ கேமுக்குக் கொடுக்கலாமா?

லாஸ்பேட்டைக்காரன்

புதுச்சேரி, கடலூர் விக்கிப்பீடியர்கள் கவனத்துக்கு. வரும் ஞாயிறு கூடும்போது ஆளுக்கொரு திசையில் எழுதாமல், தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரையை எல்லோரும் சேர்ந்து செம்மையாக்குவது என்று போன முறை பேசிவைத்தோம். என் விருப்பம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2.

சிரிக்க வேண்டாம். 1999-இல் வந்த கணினி விளையாட்டு இன்றும் ஆடப்படுகிறது. செய்தது டல்லஸில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ், வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். அந்த ஸ்டூடியோவை 2009-இல் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே கூடி ஒரு விரிவாக்கம் செய்ய, அதுவே 2013-இல் அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது. பைசா வாங்காமல் எழுதும் நமக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

நமக்கு நெருக்கமான பகுதி, 2022 ஏப்ரல் 28 அன்று வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம். அதுவரை ‘இந்தியர்’ என்று ஒரே தரப்பாக இருந்ததை இந்துஸ்தானியர் என்று மாற்றி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் மூவரையும் புதிதாகச் சேர்த்தார்கள். திராவிடர் படையில் ஒரு ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வான். ராஜேந்திர சோழனுக்கு ஐந்து கட்டம் கொண்ட தனிக் கதைத்தொடரே இருக்கிறது. இதையெல்லாம் சான்றோடு தமிழில் படிக்க ஒரு நல்ல பக்கம் வேண்டாமா?

பாகூர் வாத்தியார்

வேண்டாம் என்பது என் கட்சி.

நாம் கூடுவதே எப்போதாவது. அந்த ஒரு நாளையும் பொம்மைச் சண்டைக்குக் கொடுப்பதா? ராஜேந்திரன்மேல் அவ்வளவு பற்று இருந்தால் விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்துக்குப் பஸ் ஏறுங்கள். அவன் காலத்துக் கல்வெட்டு அங்கே ஒரு கல்லூரியையே கணக்கெழுதி வைத்திருக்கிறது: 340 மாணவர், 14 ஆசிரியர், இன்னாருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நெல் என்று. எங்கள் ஊருக்கும் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு உண்டு. பாகூர்க் கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த ஆவணம் அது.

ஊராட்சிக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். பல ஊர்களுக்குத் தானியங்கி நிரல் ஏற்றிவிட்டுப் போன மக்கள்தொகைக் கணக்குத்தான் கட்டுரை. ஊரின் குளம், கோயில், சந்தை பற்றி ஒரு வரி கிடையாது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாதபோது வாசலுக்கு வாழைமரம் கட்டுகிறீர்கள்.

பெரியசாமித் தூரன் 10 தொகுதி கலைக்களஞ்சியம் தொகுத்த மொழி இது. எதை எழுதுவது, எதை விடுவது என்ற நிதானம் வேண்டும்.

கெடிலம்

வாத்தியார் ஐயா, அச்சிட்ட தொகுதிக்குப் பக்கக் கணக்கு உண்டு. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை வெட்ட வேண்டும். முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் நடுவே 14 ஆண்டு, 1954 முதல் 1968 வரை. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. விளையாட்டுப் பக்கம் நீண்டால் எண்ணாயிரம் ஊரின் பக்கம் சுருங்காது.

ஆனால் லாஸ்பேட்டைத் தம்பிக்கும் ஒரு கேள்வி. தமிழில் பேசுகிறான், ராஜேந்திரன் வருகிறான் என்பது பெருமை. பெருமைக்காகத் தொடங்கிய கட்டுரைகள் கடைசியில் எந்த நிலையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எந்தச் சான்றை வைத்து எழுதப் போகிறீர்கள்?

முதுநகர்_பையன்

வணக்கம் சார், அக்கா. பொம்மைச் சண்டை என்றதும் கொஞ்சம் வலித்தது. பள்ளியில் ராஜேந்திர சோழன் எனக்கு ஒரு மார்க் கேள்வி. கேமில் அவன் கதைத்தொடரை ஆடிய பிறகுதான் கங்கைகொண்ட சோழபுரம் எங்கே என்று தேடினேன். காட்டுமன்னார்கோயிலைத் தாண்டினால் பக்கம், அரியலூர் மாவட்டம். நண்பனின் பைக்கில் போய் அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். என்னை அங்கே அனுப்பியது பாடப்புத்தகம் இல்லை.

சான்று பற்றிக் கவலையே வேண்டாம். எல்லா எண்களும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு காலத்துக்கு முன்னேறும்போதும் திராவிடருக்கு 200 மரம் இலவசம். மீனவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சுமப்பார்கள். நைட் என்ற குதிரைவீரன் கிடையாது, குதிரையில் வீக். உருமி வாள் வீரன் எப்போது வருவான், எந்த நிமிடத்தில் எதைக் கட்டினால் ஜெயிக்கலாம் என்பதுவரை அட்டவணையாகவே போட்டுத் தருகிறேன்.

கெடிலம்

தம்பி, அந்த அட்டவணை அங்கே நிற்காது. விக்கிப்பீடியா ஆட்ட வழிகாட்டி இல்லை. ஆடாதவர் ஒருவர், உங்கள் அம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தைப் படித்தால் இது என்ன விளையாட்டு, யார் செய்தார்கள், எப்படி ஆடுவார்கள், எப்படி வரவேற்றார்கள், எதற்காகத் திட்டினார்கள் என்று விளங்க வேண்டும். 200 மரம் அவருக்கு எதற்கு?

“கடல்படையிலும் காலாட்படையிலும் வலுவான, குதிரைப்படையில் நலிந்த தரப்பாகத் திராவிடரை வடிவமைத்திருக்கிறார்கள்.” இந்த ஒரு வரி போதும். அதற்கும் வெளியார் ஒருவர் எழுதிய விமர்சனத்தை மேற்கோளாகக் காட்ட வேண்டும். ரசிகர் விக்கியைக் காட்டக்கூடாது, அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

முதுநகர்_பையன்

அக்கா, விக்கிப்பீடியாவையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாமே.

கெடிலம்

அதனால்தான் விக்கிப்பீடியாவுக்கு விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டவும் விடுவதில்லை.

நெய்வேலி_நைட்ஷிப்ட்

நான் மூன்றாவது கட்சி. இந்தப் பக்கத்தைத் தமிழில் யார் படிப்பார்கள்? இந்த விளையாட்டை ஆடுகிறவன் தேடுவதே இங்கிலீஷில். ஆங்கிலப் பக்கம் நீளமாக இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு வாத்தியார் சொன்ன ஊர்களை எழுதலாம். இரு தரப்புக்கும் சந்தோஷம்.

லாஸ்பேட்டைக்காரன்

அண்ணே, அந்தப் படம் ஏற்கெனவே ஓடி முடிந்தது. 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியோடு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. நீளம் நீளமான கட்டுரைகள், உள்ளே போனால் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. துப்புரவு வேலை நம் ஆட்கள் தலையில் விழுந்தது. விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில், 2010-லேயே, தமிழர் தரப்பில் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள்.

இன்றைய கருவி அதைவிட மேல்தான். இருந்தாலும் கருவி தந்ததை அப்படியே விட்டால் விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்புப் பெட்டியே எச்சரிக்கை காட்டுகிறது. கருவி எழுதிய ஒரு பத்தியைத் திருத்துவதற்குள் நானே இரண்டு பத்தி எழுதிவிடுவேன்.

யார் படிப்பார்கள் என்றால், தமிழ்ச் செய்தித்தாளில் வீடியோ கேம் எப்போது வருகிறது? 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தபோது வந்தது. பையன் கெட்டுப்போனான் என்றால் வரும், ரம்மியில் பணம் போனது என்றால் வரும். ரம்மிச் சூதாட்டமும் ராஜேந்திரன் கதைத்தொடரும் ஒன்று என்றே பல அப்பாக்கள் நினைக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும்.

பாகூர் வாத்தியார்

அப்பாக்கள் விக்கிப்பீடியா படித்துத் திருந்தப் போகிறார்கள்! சரி, அது கிடக்கட்டும். என் உண்மையான அச்சத்தைச் சொல்கிறேன், நேரம் வீணாவது அதில் பாதிதான்.

பேரன் அந்த விளையாட்டைத் திறந்து காட்டினான். அதில் ‘திரிசடை’ என்று ஒரு போர்க்கப்பல். “தாத்தா, இது சோழர்களின் கப்பல்” என்கிறான். எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று கேட்டேன். இணையத்தில் இருக்கிறதாம்.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று சொல்கிறது. பல கலம், அவ்வளவுதான். கலம் எத்தனை, என்ன வகை, எந்த மரம் என்று அந்த வரி வாய் திறக்கவில்லை. வாட்ஸாப்பில் உலவும் கப்பல் பட்டியலை ஒரு விளையாட்டு எடுத்துக்கொள்ளும், விளையாட்டைப் பார்த்து நீங்கள் விக்கிப்பீடியாவில் எழுதுவீர்கள், விக்கிப்பீடியாவைப் பார்த்து நாளிதழ் ஞாயிறு மலரில் போடும். அப்புறம் நாளிதழே சான்றாகிவிடும். பத்து வருடம் கழித்து ஒரு மாணவன் அதைத் தேர்வில் எழுதுவான், நான் தப்பு போட முடியாது.

வில்லியனூர்_மாலா

நான் புதுசு. இதுவரை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் மட்டும் எழுதிப் பழகியிருக்கிறேன். வாத்தியார் சொன்னதற்காகவே இந்தப் பக்கத்தை நாம் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரன் எப்படியும் ஆடத்தான் போகிறான். அவன் கூகுளில் திரிசடை என்று தேடும்போது முதலில் என்ன வரவேண்டும்? “திரிசடை, விளையாட்டில் திராவிடர் தரப்புக்கு உரிய கப்பல்” என்று எழுதினால் அது உண்மை. “சோழர்களின் கப்பல்” என்று எழுதினால் அதற்குக் கல்வெட்டு வேண்டும். இந்த வேறுபாட்டை ஆட்டம் ஆடியவர்கள் எழுத மாட்டார்கள், வாத்தியார்தான் எழுதவேண்டும்.

கெடிலம்

மாலா, மணல்தொட்டியை விட்டு வெளியே வரலாம் நீங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டுகளுக்கென்றே ஒரு தனித் திட்டக் குழு இருக்கிறது. எந்த இதழின் விமர்சனம் நம்பத்தக்கது, எது ஆகாது என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். சான்று எந்த மொழியில் இருந்தாலும் நமக்குச் செல்லும். விளையாட்டின் உருவாக்கம், வரவேற்பு இரண்டுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். உள்கதை இரண்டு பத்திக்கு மேல் போகக்கூடாது என்பது என் நிபந்தனை.

நெய்வேலி_நைட்ஷிப்ட்

படம்? படம் இல்லாத விளையாட்டுக் கட்டுரை யார் கண்ணிலும் படாது.

முதுநகர்_பையன்

படம் நான் தருகிறேன் அண்ணே. நானே ஆடி நானே எடுத்த ஸ்க்ரீன்ஷாட், ஃபோல்டர் நிறைய இருக்கிறது. இரவு நேரத்தில் பொதுவகத்தில், அதான் விக்கிமீடியா காமன்ஸில், ஏற்றிவிடுகிறேன்.

லாஸ்பேட்டைக்காரன்

ஏற்றாதே தம்பி! விசையை அழுத்தியது நீயாக இருக்கலாம், திரையில் தெரிவது மைக்ரோசாஃப்டின் ஓவியம். வணிக நோக்கம் இல்லாமல் பகிர்ந்துகொள்ள அவர்கள் விதி இடம் தருகிறது. ஆனால் பொதுவகத்தில் இருக்கும் படத்தை யாரும் விற்பனைக்கும் பயன்படுத்த முடியவேண்டும், அதனால் அங்கே நீக்கிவிடுவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலேயே, நியாயமான பயன்பாடு என்று காரணம் எழுதி, சிறிய அளவில் அட்டைப்படம் ஒன்று ஏற்றலாம். அந்தக் கட்டுரைக்கு மட்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றைப் பொதுவகத்தில் தாராளமாக ஏற்று. அது உன்னுடையது.

முதுநகர்_பையன்

அட்டவணை வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், கதை இரண்டு பத்தி. அப்படியென்றால் ஆயிரம் மணி நேரம் ஆடிய என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? டீ வாங்கவா?

கெடிலம்

தப்பு வரும்போது தப்பு என்று சொல்ல. ஒரு விமர்சகர் ‘திராவிடருக்கு யானையே இல்லை’ என்று எழுதியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? டீயும் வாங்கலாம்.

உப்பனாறு77

எல்லோரும் பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அதென்ன திராவிடர்? ராஜேந்திரன் தமிழன். பேசுவது தமிழ். பக்கத்தில் தமிழர் என்றே போடவேண்டும். இல்லாவிட்டால் நானே வந்து மாற்றுவேன்.

கெடிலம்

மாற்றினால் மீளமைப்போம். நீங்கள் மறுபடி மாற்றினால் தொகுப்புப் போர் என்று நிருவாகியிடம் போகும். விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த பெயரை எழுதுவோம். அந்தப் பெயரை யாராவது குறை சொல்லி நம்பகமான இடத்தில் எழுதியிருந்தால் அதையும் எழுதுவோம். உங்கள் கோபத்துக்கு ஃபேஸ்புக் இருக்கிறது. இதற்கு மேல் இந்தத் திரியில் இந்தப் பேச்சு வேண்டாம்.

பாகூர் வாத்தியார்

மாலாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் முழுதும் இதற்கு என்பதை நான் ஏற்கவில்லை. காலை விளையாட்டு, மதியம் எண்ணாயிரம். இப்படிப் பிரித்தால் வருகிறேன். கல்வெட்டுத் தொகுதியும் கொண்டுவருகிறேன்.

நெய்வேலி_நைட்ஷிப்ட்

மதியத்துக்கு நான் வரமாட்டேன் சார், நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன். காலையில் தட்டச்சு வேலை இருந்தால் கொடுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை என்று இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். பார்வைக் கணக்கை வருடம் கழித்து எடுத்துப் பார்க்கலாம்.

லாஸ்பேட்டைக்காரன்

பிரிப்பது எனக்கும் சரி. ஒன்றை மட்டும் இப்போதே பேசிக்கொள்ளலாம். ராஜேந்திர சோழன் கட்டுரையின் கடைசியில், பரவலர் பண்பாட்டில் என்று ஒரு சிறு பகுதி போட்டு, இந்தக் கதைத்தொடரை ஒரு வரி சேர்க்க நினைக்கிறேன். இங்கிருந்து அங்கே இணைப்புப் போகும்போது அங்கிருந்தும் இங்கே ஒன்று வரவேண்டும்.

பாகூர் வாத்தியார்

கூடவே கூடாது. விளையாட்டுப் பக்கத்தில் ராஜேந்திரன் வரட்டும். ராஜேந்திரன் பக்கத்தில் விளையாட்டு வரக்கூடாது. 1014-இல் அரியணை ஏறியவனின் பக்கத்துக்கு 2022-இல் வந்த சிடியா?

முதுநகர்_பையன்

சார், இப்போது சிடியில் வருவதில்லை.

பாகூர் வாத்தியார்

எதில் வந்தால் என்ன.

வில்லியனூர்_மாலா

அவனைப் பற்றி நாவல் வந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்போம்தானே ஐயா? படம் வந்தால்?

பாகூர் வாத்தியார்

நாவலாசிரியர் கல்வெட்டு படித்துவிட்டு எழுதுவார்.

கெடிலம்

எல்லா நாவலாசிரியரும் இல்லை ஐயா, அது உங்களுக்கே தெரியும். அந்த வரியை இங்கே முடிவு செய்ய நமக்கு உரிமை இல்லை. ராஜேந்திரன் கட்டுரையைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். லாஸ்பேட்டைத் தம்பி, அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் இன்றே கேட்டுவையுங்கள். வாத்தியார் ஐயா, உங்கள் மறுப்பையும் அங்கேயே கையொப்பத்தோடு எழுதுங்கள். ஞாயிற்றுக்குள் பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தைத் தொடவேண்டாம்.

பாகூர் வாத்தியார்

எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே.

முதுநகர்_பையன்

படித்தேன் சார். மூன்றாவது பத்தியில் விளையாட்டின் பெயரையே தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அது பண்டைக்காலத்தைக் காட்டும் முதல் பாகம், 1997. திருத்தட்டுமா, இல்லை மற்றவர் கருத்தைத் தொடக்கூடாதா?

கெடிலம்

தொடக்கூடாது. கீழே பதிலாக எழுது.