அப்பாவின் மாரிஸ் மைனர்: நம்பர் பிளேட் பொருந்துகிறது, இன்ஜின் பொருந்தவில்லை

சாம்பல்நீலம் எழுதியது:

இந்தக் குழுவில் நான் புதிது. கார் ஓட்டத் தெரியும், காரைப் பற்றித் தெரியாது. தவறாக ஏதாவது எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவிடம் 1959ஆம் வருட மாரிஸ் மைனர் 1000 ஒன்று இருந்தது. இரண்டு கதவு, நீலம் கலந்த சாம்பல் நிறம். 1968இல், நான் பிறந்த ஆண்டில், இரண்டாம் கையாக வாங்கினார். 1979இல் விற்றார். விற்ற அன்று மாலை நான் அவருடன் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை, மூன்றாம் நாள் பசித்துவிட்டது.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய காகிதக் கட்டுகளைப் பிரித்தபோது 1969ஆம் ஆண்டுக் காப்பீட்டுத் தாள் ஒன்று கிடைத்தது. பதிவு எண் தெளிவாக இருக்கிறது. இன்ஜின் எண்ணும் தெளிவாக இருக்கிறது. சேஸிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தை ஏதோ ஒரு பூச்சி சாப்பிட்டிருக்கிறது. கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் மிச்சம். புகைப்படங்கள் மூன்று உண்டு. ஒன்றில்தான் முன்பக்கம் முழுவதும் தெரிகிறது, அதிலும் பம்பர் மேல் நான் ஏறி நின்று நம்பர் பிளேட்டைக் காலால் மறைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் வாங்கியவரின் மகனைக் கண்டுபிடித்தேன். அவர்கள் அதை ஒரு பட்டறைக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பட்டறை இப்போது இல்லை. அத்துடன் முடிந்தது என்று இருந்தபோது, பழைய கார் அணிவகுப்பு ஒன்றின் படங்களில் அதே பதிவு எண்ணுடன் ஒரு மைனரைப் பார்த்தேன். கரும்பச்சை நிறம். விசாரித்து, உரிமையாளருக்கு எழுதி, நேரில் போனேன். நல்ல மனிதர். பானெட்டைத் திறந்து காட்டினார். இன்ஜின் எண் அடியோடு வேறு. எங்கள் தாளில் 9எம் என்று தொடங்குகிறது, அந்தக் காரில் அப்படித் தொடங்கவே இல்லை. சேஸிஸ் தகட்டின் மேல் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி, எழுத்து எதுவும் தெரியவில்லை. அடுத்தவர் காரைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

"இது எங்களுடையது இல்லை" என்று சொல்லி, நன்றி கூறிவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. அப்படிச் சொன்னது சரிதானா என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் அண்ணன், "விற்ற மாட்டின் கொம்பை எண்ணிக்கொண்டிருக்கிறாய்" என்கிறான். நான் கேட்க விரும்புவது இதுதான்: எண் ஒன்று, இன்ஜின் வேறு, நிறம் வேறு என்றால் அது வேறு கார்தானா?

பழங்கணக்கு எழுதியது:

வாகனப் பதிவேடுகளோடு முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். பதிவு எண்ணை நம்பாதீர்கள். அது காருக்கு வைத்த பெயர். பெயரை மாற்றலாம், இன்னொருவருக்கும் வைக்கலாம். சில இடங்களில் எண் காருடன் போகிறது, சில இடங்களில் உரிமையாளருடன் போகிறது. பிரிட்டனில் எண் காரைச் சேர்ந்ததுதான் என்றாலும், முறைப்படி விண்ணப்பித்து வேறு காருக்கு மாற்றிக்கொள்ள முடியும். ஆகவே பிளேட் பொருந்துவது ஒரு தடயம், அவ்வளவே.

சேஸிஸ் எண்தான் பிறவி மச்சம். பூச்சி விட்டுவைத்த அந்த மூன்று இலக்கங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த ரகத்தில் 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கடைசி மூன்று இலக்கங்கள் ஒத்துப்போகிற கார்கள் உலகத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஆனால் அதே பதிவு எண்ணும், அதே இரண்டு கதவும், அதே மூன்று இலக்கங்களும் ஒரே காரில் சேர்ந்து வந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இணையத்தில் சேஸிஸ் எண்ணைத் தட்டினால் கார் வரலாற்றையே எடுத்துத் தருகிறோம் என்பவர்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அவர்கள் கையாள்வது 17 இலக்க எண்ணை. அந்த முறை 1980களில்தான் நிலைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் போட்டது.

தகட்டைப் படிக்க முடிந்துவிட்டால் அடுத்த வேலை எளிது. பிரிட்டனில் கேடன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. மாரிஸ், ஆஸ்டின், எம்ஜி முதலியவற்றின் உற்பத்திப் பதிவேடுகளிலிருந்து கட்டணம் பெற்றுக்கொண்டு பாரம்பரியச் சான்றிதழ் தருகிறார்கள். கார் எந்த நாளில் செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம், முதலில் என்ன இன்ஜின் எண் என்பதெல்லாம் அதில் வரும். அந்த இன்ஜின் எண் உங்கள் தாளில் உள்ள 9எம் எண்ணாக இருந்தால் வழக்கு முடிந்தது. இப்போது காரில் எந்த இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது என்பது பொருட்டே இல்லை.

டைனமோகை எழுதியது:

இன்ஜின் எண் வேறு என்று திரும்பி வந்துவிட்டீர்களா? ஐயையோ.

மைனரில் இன்ஜின் மாற்றுவது சட்டையில் பொத்தான் மாற்றுவது போல. 948 சிசி கொள்ளளவு இன்ஜின் போனால் 1098 சிசி இன்ஜின் போடுவார்கள். ஸ்பிரைட், மிட்ஜெட் கார்களிலிருந்து கழற்றியும் போடுவார்கள். எல்லாம் ஒரே குடும்பம், பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். நான் பிரித்த மைனர்களில் பிறந்தபோது இருந்த இன்ஜினோடு வந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாரிஸும் ஆஸ்டினும் 1952இல் சேர்ந்து பிஎம்சி, அதாவது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், ஆனது தெரிந்திருக்கும். பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த இன்ஜினை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. கோல்ட் சீல் என்று பெயர். அந்த இன்ஜினில் உங்கள் காரின் பழைய எண் இருக்காது, வேறு தகடு அடித்து வரும். எண் தகடு இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், மின்சாரம் தரும் டைனமோவின் பிடிப்புக்கு மேலே இருக்கும். அங்கே பார்த்துத்தானே "அடியோடு வேறு" என்றீர்கள்? அப்பா 1969க்குப் பிறகு இன்ஜின் மாற்றினாரா என்று வீட்டில் யாரையாவது கேளுங்கள்.

அடையாளம் எளிது. பெயருக்கு ஏற்ப அந்த இன்ஜினுக்குத் தங்க நிறத்தில் பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். பிற்பாடு யாராவது "அசல் நிறம் பச்சை" என்று அதன் மேல் பச்சை அடித்திருப்பார்கள். அடிப்பவன் வெளியே தெரிகிற இடத்தில்தான் அடிப்பான். டைனமோவுக்குப் பின்னால், பிடிப்புத் தகடுகளின் இடுக்கில், கை போகாத இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெளி நிறத்துக்கும் இதே கதைதான். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால், டேஷ்போர்டின் அடியில் தலையை விட்டால், கம்பளத்தைத் தூக்கினால் பழைய நிறம் நிற்கும். கார் ஒன்றுக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அக்குளில் யாரும் அடிப்பதில்லை.

1959 என்றால் திரும்பும் சைகைக்கு விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். 1961இல்தான் மின்னும் விளக்குக்கு மாறினார்கள். அந்தப் பச்சைக் காரில் கை நீளும் பொந்து இருந்ததா, அடைத்திருந்தார்களா?

சாம்பல்நீலம் எழுதியது:

டைனமோகை ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன்.

தங்கம். எங்கள் அப்பா அதைத் "தங்க இன்ஜின்" என்றுதான் சொல்வார். "ஊரில் எல்லோர் வண்டியிலும் இரும்பு, நம் வண்டியில் தங்கம்" என்பார். பிள்ளைகளிடம் விடும் கதை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்போது எனக்கு ஆறு அல்லது ஏழு வயது. அண்ணனும் நானும் உண்மையிலேயே நம்பி, அவர் உறங்கும்போது பானெட்டைத் தூக்கி, இரண்டு அங்குல ஆணியால் கொஞ்சம் சுரண்டி எடுத்தோம். விற்று சைக்கிள் வாங்குவதாகத் திட்டம். அடி வாங்கினோம். அடித்துவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததாக அண்ணன் இன்றும் சொல்கிறான். நான் அதைப் பார்க்கவில்லை.

அந்தச் சின்னக் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடதுபக்கத்துக் கையை அண்ணன் பிடித்துத் தொங்கி ஒடித்தான். வேறு கிடைக்கும்வரை என்று சொல்லி, எண்ணெய் டின் தகட்டை வெட்டி அந்தப் பொந்தை அப்பா மூடினார். வேறு கிடைக்கவே இல்லை. விற்கும்வரை இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் பின் இருக்கையிலிருந்து நான்தான் கையை நீட்ட வேண்டும்.

போன முறை அந்த உரிமையாளர் வீட்டில் நான் தூணைப் பார்க்கவே இல்லை. எண்ணை மட்டுமே பார்த்தேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை மாதிரி போய் நின்றிருக்கிறேன்.

இப்போது சிக்கல் வேறு. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் மறுபடி எந்த முகத்தோடு போவது? தகட்டைச் சுரண்டச் சொல்லி அவரிடம் கேட்பது முறையா?

மூன்றாம்கியர் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள். என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது, "இது எங்கள் தாத்தாவுடையது" என்று இதுவரை இரண்டு குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. ஒரே காரை இரண்டு தாத்தாக்கள் வைத்திருந்தார்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் தடவுவார்கள், பிறகு கண் கலங்குவார்கள், காபி குடிப்பார்கள், கிளம்பும்போது "விற்பீர்களா" என்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்துதான் எங்களில் பலர் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. நீங்கள் ஒரு முறை வந்து, பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவர் கண்ணில் உங்களை நம்பத்தகுந்த ஆளாக்கியது அதுதான். தயங்காமல் எழுதுங்கள்.

எழுதும்போது "எங்கள் கார்" என்று எழுதாதீர்கள். அது அவருடைய கார். வாங்க வரவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், வாங்கும் எண்ணம் உள்ளூர இருந்தாலும்கூட. மூன்று படங்களின் பிரதியையும் காப்பீட்டுத் தாளின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். எங்களுக்கு உதிரிபாகம் கிடைத்துவிடுகிறது, கதை கிடைப்பதில்லை. இடதுபக்கம் திரும்பப் பின்னாலிருந்து ஒரு சிறுமி கை நீட்டினாள் என்பதை என் காரைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் நான் ஒரு மாதம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

தகட்டை நீங்கள் சுரண்ட வேண்டாம், ஆணியோடு உங்களுக்குப் பழைய பழக்கம் இருப்பதாகத் தெரிகிறது. அவரே செய்யட்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி டார்ச் பிடித்தாலே பாதி எழுத்து மேலெழும். அதன் மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மீதியும் வரலாம். பெயிண்ட் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது கடைசி வழி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தகடு ரிவெட் அடித்து மாட்டியது. ஒரு காரிலிருந்து கழற்றி இன்னொன்றில் அடிக்க முடியும். எனவே பழங்கணக்கு சொன்ன எண்ணையும் பாருங்கள், டைனமோகை சொன்ன அக்குளையும் பாருங்கள்.

பழங்கணக்கு எழுதியது:

மூன்றாம்கியர் சொன்ன ரிவெட் விஷயம் சரி. என் பதிலில் விட்டுப்போனது. இரண்டு மோதிய கார்களை ஒட்டி ஒன்றாக்கிய வண்டியும் என் மேசைக்கு வந்திருக்கிறது. அதற்கு யார் அப்பா என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

சாம்பல்நீலம் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

படங்களோடு கடிதம் அனுப்பினேன். முதல் வரி மூன்றாம்கியர் சொன்னபடியே. நான்காம் நாள் அவரிடமிருந்து தொலைபேசி. அவர் முதலில் கேட்டது எண்ணைப் பற்றி இல்லை. "இடதுபக்கத் தூணில் உள்ளே ஏன் டின் தகடு இருக்கிறது என்று நானும் பெயிண்ட் அடித்தவரும் ஒரு நாள் முழுக்கப் பேசினோம்" என்றார். பொந்தை அவர் அடைத்துப் பூசியது உண்மை. ஆனால் உள்ளே இருந்த தகட்டை எடுக்கவில்லையாம். எதற்காகவோ வைத்திருக்கிறார்கள், எடுத்தால் வேறு ஏதாவது விழுந்துவிடும் என்று பயமாம்.

பிறகு படங்கள் அனுப்பினார். டைனமோவைக் கழற்றி எடுத்த படத்தில், பச்சைக்கு அடியில், பிடிப்பு அழுத்திய இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தங்க நிறம். அழுக்கேறி மஞ்சள் கிழங்கு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் தங்கம்தான்.

பென்சில் தேய்த்த காகிதத்தில் கடைசி மூன்று இலக்கங்களில் இரண்டு பொருந்துகின்றன. நடு இலக்கம் ஒன்றா ஏழா என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. எங்கள் தாளில் ஏழு. முன்னால் உள்ள எழுத்துகள் வாசிக்கும்படி வந்ததால், அவரே அந்த அருங்காட்சியகத்துக்குச் சான்றிதழ் கேட்டு எழுதியிருக்கிறார். கட்டணத்தைப் பாதிப்பாதி பகிர்ந்துகொள்ள நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மாட்டுக் கொம்பைப் பற்றிப் பேசிய அண்ணனும் வருகிறான், போன வாரத்திலிருந்து இரண்டு முறை புறப்படும் நேரத்தைக் கேட்டுவிட்டான். பானெட்டின் கீழே அவன் சுரண்டிய இடத்தைத் தன்னால் காட்ட முடியும் என்கிறான். ஆணி எதுவும் எடுத்து வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.