சட்டத்தை நீக்கினால் பழைய குற்றமும் போய்விடுமா?

கரும்பலகை: ஒரு சட்டம் வேண்டாம் என்று அரசே நீக்கிவிடுகிறது. அப்புறமும் அதே சட்டத்தின் கீழ் ஒருத்தரைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். இது என்ன நியாயம்? நீக்கம் என்றால் பலகையைத் துடைப்பது. துடைத்த பிறகு எழுத்து எங்கே இருக்கும்?

வாய்தா: அழகான உவமை சார், ஆனால் சட்டம் அப்படி நடப்பதில்லை. மற்றச் சட்டங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிற 1897ஆம் வருட ஜெனரல் கிளாசஸ் சட்டம், பிரிவு 6. நீக்குகிற சட்டத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஏற்கெனவே கிடைத்த உரிமை, ஏற்பட்ட தண்டனை, நடக்கிற விசாரணை எதுவும் கலையாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஜூன் 30 ராத்திரி 11 மணிக்கு ஒருவன் திருடுகிறான், விடிந்ததும் புகார் வருகிறது என்று வையுங்கள். எஃப்ஐஆரில் திருட்டுக்கான பழைய 379ஆவது பிரிவுதான் ஏறும். உங்கள் கணக்கில் அவன் ஒரு மணி நேரத்தில் நிரபராதி!

கரும்பலகை: திருட்டு இன்றைக்கும் குற்றம்தானே, சட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் கேட்பது, குற்றமே இல்லை என்று ஆகிவிட்டதைப் பற்றி. அமெரிக்காவில் மதுவிலக்கை 1933 டிசம்பரில் 21ஆவது திருத்தம் நீக்கியது. நிலுவையில் இருந்த மதுவிலக்கு வழக்குகளைத் தொடர முடியாது என்று 1934இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொன்னது.

வாய்தா: காரணத்தையும் சேர்த்துச் சொன்னது. அங்கே போனது வெறும் சட்டம் இல்லை, அதைத் தாங்கி நின்ற அரசியலமைப்பு அதிகாரமே. அதனால், நம் பிரிவு 6 மாதிரி பழைய வழக்குகளைக் காப்பாற்றுகிற அவர்களுடைய பொதுவான காப்புப் பிரிவு கைகொடுக்கவில்லை. அதற்கு முன்பே இறுதித் தீர்ப்பு வாங்கியவர்கள் கதை தனிக் கேள்வி என்று ஒதுக்கியும் விட்டது.

தேன்மொழி: நடுவில் ஒன்று. நீக்குவது சட்டமன்றம் அல்லது நாடாளுமன்றம். செல்லாது என்று அறிவிப்பது நீதிமன்றம். இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் செல்லாது என்று ஆனது. ஆனால் சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருந்தது, அடிக்குறிப்பில் மட்டும் ஒரு வரி. போலீஸ்காரர் பிரிவைப் பார்த்து வழக்குப் போடுகிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை என்று 2021இல் அட்டர்னி ஜெனரலே நீதிமன்றத்தில் சொன்னார். அந்தப் பிரிவில் வழக்குப் போடக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது.

கரும்பலகை: பார்த்தீர்களா, துடைக்காததன் விளைவு!

வாய்தா: அதற்காக வாயால் துடைக்கவும் முடியாது. மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் என்று பிரதமர் அறிவித்தது 2021 நவம்பர் 19. அன்றைக்கு எதுவும் நீங்கவில்லை. 29ஆம் தேதி இரு அவைகளிலும் மசோதா நிறைவேறி, மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் நீங்கின.

தேன்மொழி: 2004இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவை நீக்கியபோது நடந்ததையும் பார்க்கலாம். ஓராண்டுக்குள் எல்லா வழக்குகளையும் மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும், முகாந்திரம் இல்லாதது வாபஸ் ஆனதாகக் கருதப்படும் என்று நீக்கச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

கரும்பலகை: அப்படியானால் எழுத முடியும்தானே?

வாய்தா: முடியும். ‘வேறு மாதிரி எழுதாதவரை’ என்று முதலிலேயே சொன்னேனே.

கரும்பலகை: சட்டம் என்ன சொல்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். எழுதாமல் விட்டது அவர்கள், கோர்ட்டில் வாய்தாவுக்கு அலைவது வழக்கில் மாட்டியவன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.