மாதிரிப் பாரந்தூக்கியின் உள்ளே வைக்கும் எடைக்கு என்ன பெயர்?

கும்பகோணத்திலிருந்து:

அவையோர்க்கு வணக்கம். பள்ளி மாணவர்கள் 1:50 அளவில் பாரந்தூக்கி மாதிரி செய்வதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லால் நின்றுகொண்டிருக்கிறது. 100 டன் இயந்திரத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால், எடை 50-இன் முப்படியான 1,25,000-ஆல் வகுபட்டு 800 கிராம் ஆகும். ஆனால் மாதிரியில் தூக்குகை உலோகமாகவும் பின்புற எதிரெடை வெற்றுப் பிளாஸ்டிக் பெட்டியாகவும் இருப்பதால், கையைத் தாழ்த்தியதும் முன்பக்கமாகக் குப்புறச் சாய்கிறது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் எஃகுக் குண்டுகளைப் பசையிட்டு நிரப்பி, வெளியே தெரியாதபடி மூடுகிறோம். அதைக் 'கரவெடை' (கரவு, அதாவது மறைப்பு + எடை) என்று எழுதியிருக்கிறேன். 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூல் இடம் தருவதால் புணர்ச்சியில் பிழையில்லை.

திருவையாற்றிலிருந்து:

புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்கிறது. 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற இடத்தில் கரத்தல் இழிகுணம். எடையோடு கரவைச் சேர்த்தால், தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்த கடைக்காரர்தான் நினைவுக்கு வருவார். 'அடிக்கனம்' எனலாமே, தஞ்சாவூர்ப் பொம்மையை நிமிர்த்துவது அதுதானே?

கரந்தையிலிருந்து:

கரந்துறைப் பாட்டில் ஒரு செய்யுளுக்குள் மற்றொன்று ஒளிந்திருக்கிறது. அங்கே வஞ்சம் ஏது? ஆநிரை மீட்போர் சூடிய கரந்தைப் பூவும் இதே வேரில் முளைத்தது என்பது என் நெடுநாள் கருத்து. எங்கள் ஊர்ப் பெயரையும் அதனோடு சேர்த்து விரிவாக எழுதுவேன்.

மன்னார்குடியிலிருந்து:

பூவின் வேரைப் பிறகு தோண்டலாம், ஐயா. பட்டறையில் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'அடிக்கனம்' மாணவனைத் தவறான இடத்தில் எடை வைக்கச் செய்துவிடும். அடிச்சட்டத்தில் வைத்தாலும் ஓரளவு பயன் உண்டுதான். ஆனால் கை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு நேரெதிரே உடன்சுழல்வது, கையைத் தாங்கிச் சுழலும் மேற்கட்டின் பின்கோடியில் வைத்த எடை மட்டுமே. சாயும் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்குக் குறைந்த எடையே போதும். கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் உள்ள ஈயம் சிறு பெட்டிக்குத் தோதுதான் என்றாலும், நச்சுப்பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது, எஃகே இருக்கட்டும். பெயர் 'உட்பாரம்' என்றால் கேட்டவுடன் புரியும்.

திருவையாற்றிலிருந்து:

பாரம் வடசொல்.

மன்னார்குடியிலிருந்து:

பாரந்தூக்கியை விட்டுவிட்டு உட்பாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

கும்பகோணத்திலிருந்து:

வடசொல் என்பதைவிடப் பெரிய இடர், கொக்கியில் தொங்குவதையும் பாரம் என்றே கையேடு முழுவதும் எழுதியிருக்கிறேன். ஆகவே 'உள்ளெடை' என்று வைத்து, முதல் வருகையில் மட்டும் 'எதிரெடைப் பெட்டிக்குள் மறைத்து வைக்கும் எடை' என விளக்கிவிடுகிறேன். மறுப்பிருந்தால் நாளைக்குள் தெரிவிக்கவும்.

திருவையாற்றிலிருந்து:

அரைமனத்தோடு உடன்படுகிறேன்.

கரந்தையிலிருந்து:

உடன்படவில்லை. பொட்டலத்தின் மேலே அச்சிடும் நிகர எடையையும் உள்ளெடை என்று கொள்ள இடமிருக்கிறது. கரந்தைப் பூ பற்றிய மடல் தனியே வரும்.