இடக்கை வாள்வீரர்: சாதகம் எங்கே, பாதகம் எங்கே, உறை எந்த இடுப்பில்?

ஏட்டுக்காரன் கேட்டது:

வணக்கம். கற்பனை நாடு ஒன்றில் நடக்கிற தொடர்கதை எழுதுகிறேன். நாயகி கூலிப்படை வாள்வீராங்கனை, இடக்கைக்காரி. மத்திய கால ஐரோப்பா மாதிரியான உலகம்: ஒருகை வாள், கேடயம், சில இடங்களில் இருகை நெடுவாள். இந்த வகைக் கதைகளில் "இடக்கை என்பதால் எதிரி திணறினான்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எப்படித் திணறுகிறான், எந்த வெட்டு எங்கே விழுகிறது என்று சொல்வதே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். உறை வலது இடுப்பில்தானே தொங்க வேண்டும்? கேடயம் வலக்கைக்குப் போனால் என்ன மாறும்? சண்டைக்கு நடுவில் கை மாற்றுவது நடக்கிற காரியமா? இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தனிச்சண்டை, ஏழாவதில் அணிவகுத்த போர், ஒன்பதாவதில் கோட்டைப் படிக்கட்டில் ஒரு மோதல் வருகின்றன.

நுனிக்கூர் பதில்:

சாதகம் முழுக்க எண்ணிக்கையால் வருவது. மனிதரில் சுமார் பத்துக்கு ஒருவர்தான் இடக்கைக்காரர். ஆகவே வலக்கைக்காரன் பயிற்சிக் களத்தில் பெரும்பாலும் தன்னைப் போன்றவனோடுதான் மோதிப் பழகியிருப்பான். உங்கள் நாயகியும் அதே வலக்கைக்காரர்களோடு மோதித்தான் வளர்ந்திருப்பாள். இருவரும் எதிரெதிரே நிற்கும்போது அவளுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி. அவனுக்குக் கண்ணாடியில் இருப்பவன் எழுந்து வந்த மாதிரி. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் வந்ததும் மட்டையாளர் தடுமாறுவது இதே காரணத்தால்தான். யோசிக்க நேரம் குறையக் குறைய இந்தத் தடுமாற்றம் கூடும்.

இனி வெட்டு எங்கே விழுகிறது என்பது. ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வலக்கைக்காரன் வடக்கு பார்த்து நிற்கிறான், அவன் வாள் கிழக்கே. எதிரி தெற்கு பார்த்து நிற்கிறான். எதிரியும் வலக்கை என்றால் அவனுடைய கேடயம் இடக்கையில், அதாவது கிழக்கே. ஆகவே வலத்தோளிலிருந்து இறங்குகிற இயல்பான முதல் வெட்டு நேராகக் கேடயத்தில் போய் விழும். வலக்கைக்காரர் இருவர் மோதினால் எப்போதும் வாளுக்கு எதிரே கேடயம்.

எதிரி இடக்கை என்றால் அவள் வாளும் கிழக்கே, கேடயங்கள் இரண்டும் மேற்கே. வாளுக்கு எதிரே வாள். இப்போது அதே வெட்டு அவள் வாள்கையின் மேல் விழும். அவள் வெட்டும் அப்படியே அவனுடைய வலது முழங்கை, வலத்தோள், வலத்தொடை ஆகியவற்றைத் தேடி வரும். அங்கே கேடயம் கிடையாது. அதைக் கொண்டுவர மார்புக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். இழுத்தால் தன் வாள்கையையே அது மறித்துவிடும், பார்வையும் மறையும். எழுத வேண்டிய இடம் இதுதான்: திறப்பு இருவருக்கும் ஒன்றே, ஆனால் அவளுக்கு அது முன்பே தெரியும்.

தடுப்பில் நடக்கிற பிழை இன்னும் நுட்பமானது. நெஞ்சுக்கு வரும் குத்தைத் தன் இடப்பக்கம், அதாவது மேற்கே, தள்ளிவிடுவது வலக்கைக்காரனுக்கு ஊறிப்போன அசைவு. ஃபென்சிங்கில் நாலாம் தடுப்பு என்பார்கள். வலக்கை எதிரியின் வாள் மேற்கிலிருந்து வருவதால் ஒரு சாண் தள்ளினாலே நுனி உடம்பை விட்டு விலகிவிடும். இடக்கைக்காரியின் வாள் வருவதோ கிழக்கிலிருந்து. அதே தடுப்பைப் போட்டால் அவளுடைய நுனி அவன் மார்பின் முழு அகலத்தையும் கடந்தால்தான் வெளியேறும். பழகிய அளவுக்குத் தள்ளி நிறுத்தினானோ, நுனி வலது விலாவை விட்டு நடுநெஞ்சுக்கு வந்து நிற்கும். சரியான மறுமொழி வலப்பக்கம் வெளியே தள்ளுகிற ஆறாம் தடுப்பு. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் பதற்றத்தில் கை பழைய பாதையில்தான் போகும்.

அடுத்தது கால். வாள்கைக்கு வெளிப்புறமாக அடியெடுத்து வைப்பவனுக்குக் கோணம் கிடைக்கும். அவனுக்கு அது வலப்பக்கம், கிழக்கு. அவளுக்கு இடப்பக்கம், அதுவும் கிழக்கு. இருவருக்கும் வேண்டியது ஒரே துண்டு நிலம். வலக்கைக்காரர் இருவர் மோதும்போது ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து வட்டமிடுவார்கள். இங்கே முன்பாதங்கள் ஒரே கோட்டில் உரசிக்கொள்ளும். அரை அடி வெளியே முதலில் கால் வைத்தவருக்கு அந்தச் சுற்று. உங்கள் தனிச்சண்டையை அந்த அரை அடியைச் சுற்றியே எழுதலாம்.

நெடுவாள் என்றால் ஜெர்மானிய மரபைக் கவனியுங்கள். வாள்வீச்சு ஆசான் லீக்டனவர் வழியில் வந்த 15-ஆம் நூற்றாண்டுப் பாடச் செய்யுளிலேயே, வலக்கைக்காரன் இடமிருந்து முதல் வெட்டைத் தொடங்கக் கூடாது, இடக்கைக்காரன் வலமிருந்து தொடங்கினால் நொண்டுவான் என்ற எச்சரிக்கை இருக்கிறது. இடக்கைக்காரரும் வகுப்பில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சான்று இத்தாலிய வாள்வீச்சு வீரர் எதோர்தோ மஞ்சரோத்தி. 1936 முதல் 1960 வரை ஒலிம்பிக்கில் 13 பதக்கங்கள், அதில் 6 தங்கம். பிறவியில் வலக்கைக்காரர். வாள்வீச்சு ஆசிரியரான தந்தைதான் எப்பே என்ற வாள்வகைப் போட்டிக்காக அவரை இடக்கைக்கு மாற்றிப் பழக்கினார். பிறவி இடக்கையிடம் தனிச் சக்தி எதுவும் இல்லை, அந்தப் பக்கம் நிற்பதே பலன் என்று அந்தத் தந்தை கணக்குப் போட்டிருக்கிறார்.

படைக்கொட்டில் பதில்:

உறைக்கு வருகிறேன். வாளைப் பொதுவாக எதிர் இடுப்பில் கட்டுவார்கள், ஏனென்றால் நீண்ட அலகை உடம்புக்குக் குறுக்கே இழுத்தால்தான் முழுவதும் வெளியே வரும். ஆகவே 75, 80 செ.மீ. அலகு என்றால் உங்கள் நாயகிக்கு வலது இடுப்புதான். இடது இடுப்பில் கட்டிவிட்டு இடக்கையால் உருவுவதாக எழுதினால், கை முழுக்க நீண்ட பிறகும் நுனி உறைக்குள்ளேயே சிக்கி நிற்கும்.

அதற்காக, வலது இடுப்பில் வாள் என்றாலே இடக்கைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோமப் படைவீரன் வலக்கைக்காரன்தான், ஆனால் வாள் வலத்தொடையில் தொங்கியது. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸே அப்படி எழுதுகிறார். அலகு சுமார் 60 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்ப, கட்டைவிரல் கீழ்நோக்கிப் பிடித்து, மேலே தூக்கி முன்னே சுழற்றினால் கேடயக் கையைத் தொடாமலே வாள் வெளியே வந்துவிடும். நெருக்கமான வரிசையில் பக்கத்தில் நிற்பவன் மேலும் படாது.

ஒளித்துவைக்கிற காட்சி வேண்டுமென்றால் பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில் ஏகூத் இருக்கிறான். பென்யமீன் கோத்திரத்தான், இடக்கைக்காரன். ஒரு முழ நீளத்தில் இருபுறமும் கூரான கத்தி செய்து, உடைக்குள்ளே வலத்தொடையில் கட்டிக்கொண்டு மோவாப் ராஜா எக்லோனிடம் கப்பம் செலுத்தப் போகிறான். இடக்கை நீண்டபோது அது ஆயுதத்துக்கு நீளும் கை என்று யாருக்கும் தோன்றியிராது. அளவைக் கவனியுங்கள்: முழங்கை நீளம்தான். தொடையில் மறைக்கக்கூடிய உச்ச நீளமும் ஏறக்குறைய அதுதான். பென்யமீன் என்ற பெயருக்கே வலக்கையின் மகன் என்று பொருள். அந்தக் கோத்திரத்தில்தான் குறி தவறாத 700 இடக்கைக் கவண்காரர்கள் இருந்ததாக 20-ஆம் அதிகாரம் சொல்கிறது.

வாளின் பிடியிலும் கவனம் தேவை. நேரான குறுக்குச் சட்டம் மட்டும் உள்ள வாள் எந்தக் கைக்கும் ஒன்றே. மெஸ்ஸர் என்ற ஜெர்மானிய ஒருபுறக்கூர் வாளில் குறுக்குச் சட்டத்தின் வலப்புறம் ஓர் இரும்பு முனை நீட்டியிருக்கும். அதன் பெயரே ஆணி என்று பொருள்படும் நாகல். வலக்கைப் புறங்கையைக் காக்கத்தான் அது. இடக்கையில் பிடித்தால் ஆணி உள்ளங்கைப் பக்கம் போய், புறங்கை வெறுமையாக நிற்கும். மேலே சொன்ன வாளுக்கு வாள் மோதலில் முதலில் அடிபடுவது மணிக்கட்டின் வெளிப்புறம்தான் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. ரேப்பியர் என்ற மெல்லிய குத்துவாள், பிற்காலச் சேபர் என்ற வெட்டுவாள் ஆகியவற்றின் கைக்காப்பும் வெளிப்புறம் அகன்று, உள்புறம் குறுகியிருக்கும். அவளுக்குக் கொல்லன் எல்லாவற்றையும் மாற்றித்தான் செய்ய வேண்டும். களத்தில் வாள் முறிந்து, செத்தவன் கையிலிருந்து ஒன்றை எடுத்தால் அவள் விரல்களுக்குக் காப்பு இல்லை. கதைக்கு நல்ல நெருக்கடி இது.

கேடயம் நடுப்பிடி உள்ள வட்டக் கேடயமாக இருந்தால் கை மாற்றலாம். முன்கையில் வார்கட்டிப் பூட்டுவது என்றால் வார்களை மாற்றித் தைக்க வேண்டும்.

ஏட்டுக்காரன்:

இருவருக்கும் நன்றி. அரை அடி நிலம் என்பதைக் கண்டிப்பாகப் பயன்படுத்துவேன். அணிவகுப்பில் அவளை எங்கே நிறுத்துவது? படிக்கட்டில் அவளுக்குச் சாதகம் என்று எழுதலாமா? கோட்டைப் படிகள் வலக்கைக்காரருக்காகவே வலஞ்சுழியாகக் கட்டப்பட்டவை என்று பல இடங்களில் படித்திருக்கிறேன்.

மதிலோரம் பதில்:

அணிவகுப்பில் அவள் ஓர் ஓட்டை. வரிசை வடக்கு பார்த்து நிற்பதாக வையுங்கள். ஒவ்வொருவனின் கேடயமும் இடப்பக்கம், அது இடப்பக்கத்து ஆளின் திறந்த வலப்பக்கத்தையும் சேர்த்து மறைக்கும். நடுவில் ஒருத்தி கேடயத்தை வலக்கையில் பிடித்தால், அவளுக்கு வலப்பக்கம் இரண்டு கேடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டும். இடப்பக்கம் இரண்டு வாள்கள் அருகருகே, நடுவே கேடயமே இல்லாத இடைவெளி. எதிரி ஈட்டிக்காரனுக்கு அந்த இடைவெளி போதும். கிரேக்கக் காலாட்படையில் இந்தக் கேடயப் பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்றால், கி.மு. 418 மந்தினேயா போரை எழுதும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிதிடிஸ், படைகள் எப்போதும் வலப்பக்கம் சரிவதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்: ஒவ்வொருவனும் வலப்பக்கத்தானின் கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்க்கிறான். அந்தச் சரிவைத் தொடங்கிவைப்பவன் வலக்கோடியில் நிற்பவன், அவனுக்கு வலப்பக்கம் மறைப்பே இல்லை.

அந்த வலக்கோடியில் உங்கள் நாயகியை நிறுத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் கேடயம் வந்துவிடும். ஆனால் ஓட்டை ஓர் ஆள் உள்ளே நகர்ந்து, அவளுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே விழும். அந்த அடுத்தவன் யார் என்பதில் கதை இருக்கிறது. இது நம் ஊகம்தான், எந்தப் படையிலும் அப்படிச் செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடைமுறையில் வலக்கைக்குப் பழக்கிவிடுவார்கள், இல்லையென்றால் வரிசைக்கு வெளியே வேலை கொடுப்பார்கள்: முன்னோடிச் சண்டை, கவண், காவல், இருட்டில் நடக்கிற தாக்குதல்.

படிக்கட்டு விஷயத்தில் தயவுசெய்து பழைய கதையை நம்பாதீர்கள். ஏறும்போது வலப்பக்கமாகச் சுழல்வதால், மேலே நிற்கும் வலக்கைக் காவலனுக்கு வெளிச்சுவர்ப் பக்கம் கை வீச இடம், ஏறுபவனுக்கு நடுத்தூண் இடிக்கும் என்பது வாதம். வடிவக் கணக்கு சரிதான். ஆனால் இதைப் பரப்பியவர் 1902 வாக்கில் எழுதிய தியோடர் ஆந்திரியா குக் என்ற ஆங்கில எழுத்தாளர். மத்திய காலக் கட்டடக்காரர் யாரும் சொன்னதாகக் காட்டப்படவில்லை. இடஞ்சுழிப் படிகளும் கோட்டைகளில் இருக்கின்றன. எதிரி படிக்கட்டு வரை வந்துவிட்டால் கோட்டை ஏற்கெனவே கைவிட்டுப் போயாயிற்று. போதாக்குறைக்கு, அந்தக் குறுகலில் யாரும் வாளை வீச மாட்டார்கள், குத்தத்தான் செய்வார்கள்.

இதோடு ஒட்டியது ஸ்காட்லாந்து எல்லையின் கெர் குடும்பம். ஜெட்பரோ அருகில் ஃபெர்னிஹர்ஸ்ட் கோட்டை அவர்களுடையது. இடக்கைக்காரர்கள் என்பதால் படியை இடஞ்சுழியாகக் கட்டினார்கள் என்பது ஐதீகம், இடக்கைக்கு அந்தப் பக்கத்து வழக்கில் கெர் பெயரே ஒட்டிக்கொண்டது. 1974-இல் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு ஒன்று கெர், கார் பெயருள்ளவர்களில் 29.5% இடக்கை, மற்றவர்களில் 11% என்றது. 1993-இல் மறுபடி பார்த்தபோது அந்த மிகுதி காணவில்லை. உங்கள் உலகம் கற்பனை என்பதால் அப்படியொரு குடும்பத்தை நீங்களே உண்டாக்கலாம். அப்போது அந்தப் படியில் நாயகியை மேலே நிறுத்துங்கள், வாளை வீச விடாமல் குத்த விடுங்கள்.

நுனிக்கூர்:

கை மாற்றும் கேள்வி விடுபட்டுவிட்டது. கை மாறினால் காலும் மாற வேண்டும், அதுதான் பலரும் மறப்பது. வாள் இடக்கைக்குப் போய் வலக்கால் முன்னாலேயே நின்றால் எட்டும் தூரம் குறைந்து, இடுப்பு திருகி நிற்கும். மாற்றுகிற நொடியில் வாள் யாரையும் மிரட்டவில்லை. ஆகவே எதிரி ஓரடியில் எட்டாத தொலைவில், பின்வாங்கும் அடியோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும்: பின்கை பிடியைத் தொடும், முன்கால் பின்னே போகும், அதன் பிறகே முன்கை விடும். கேடயம் இருந்தால் நினைத்தே பார்க்காதீர்கள். நெடுவாளில்தான் எளிது, இரு கையும் ஏற்கெனவே பிடியில் இருப்பதால்.

இரு கையையும் சமமாகப் பழக்கியவள் என்று எழுதினால் அதற்கான வருடங்களைக் கதையில் காட்டுங்கள். வலக்கை போன பிறகு இடக்கைக்குப் பழகுகிற பாத்திரத்துக்கு ரோமின் மார்க்கஸ் செர்ஜியஸ் முன்மாதிரி. ரோமும் கார்த்தேஜும் மோதிய இரண்டாம் பியூனிக் போரில் வலக்கையை இழந்து, நான்கு முறை இடக்கையால் மட்டும் போரிட்டார், பிறகு இரும்பு வலக்கை செய்துகொண்டார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். 1504-இல் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையில் பீரங்கிக் குண்டால் வலக்கை இழந்த ஜெர்மானிய வீரர் கோட்ஸ் ஃபொன் பெர்லிகிங்கனும் அப்படித்தான். விரல் மடங்கும் அவருடைய இரும்புக்கை இன்றும் யாக்ஸ்ட்ஹவுசன் கோட்டையில் இருக்கிறது.

படைக்கொட்டில்:

ஒரு சேர்க்கை. அவள் குதிரையேறும் காட்சி இருந்தால், வாள் வலது இடுப்பில் இருப்பதால் வழக்கம்போல் இடப்பக்கமிருந்து ஏற முடியாது, வீசித் தூக்கும் வலக்காலில் உறை தட்டும். வலப்பக்கமிருந்து ஏற வேண்டும். இடப்பக்கம் ஏறியே பழகிய குதிரை அதற்கு ஒதுங்கி நகரும். தன் குதிரையை அவளே பழக்கியிருக்க வேண்டும். இரவல் குதிரையில் தப்பி ஓடுவதாக இருந்தால் அங்கே அவளுக்கு நாலைந்து நொடி வீணாகும். குதிரை மேல் ஈட்டியோடு மோதும் வேல்விளையாட்டில் அவளைச் சேர்க்க வேண்டாம். அங்கே ஈட்டி வலது அக்குளில், எதிரி இடப்பக்கமாகக் கடப்பான். கவசம்கூட இடத்தோளில்தான் தடித்திருக்கும்.